தண்ணியை ஊத்தச் சொல்லாதேங்கோ

டெங்கு பரவினால் "சனத்துக்கு விழிப்புணர்வு காணாது" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வரும். மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிக் கிடந்து எழும்பின சனம் நாங்கள். பொழுதுபட்டால் அம்மம்மா வேப்பமிலை போட்டுப் புகைப்பா. வலை கட்டாமல் எங்களைப் படுக்க விடமாட்டா. இடம்பெயர்ந்து ஓடின நேரமும் மூட்டைக்குள் நுளம்பு வலை இருந்தது. 2012 ஒக்டோபருக்குப் பிறகு இலங்கைக்குள்ளேயே தொற்றின மலேரியா இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அதில், மருந்தடிக்க வந்தவர்களுக்காகச் சாமான் சட்டியை முற்றத்தில் தூக்கி வைத்த எங்கட சனத்துக்கும் பங்கு உண்டு.

ஆனால் அந்த மலேரியா நுளம்பு இரவில் கடிப்பது. ஆறு வற்றும்போது மிஞ்சும் குட்டைகளில் பெருகுவது. டெங்கு நுளம்பு காலையிலும் பின்னேரமும் கடிக்கும். அதற்கு வீட்டு வாசலில் நிற்கிற தெளிந்த தண்ணியே போதும். பகலில் ஆர் வலைக்குள் இருக்கிறது?

டெங்குச் சோதனைக்கு வந்த ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டு மாமியிடம் பரல் தண்ணியை வெளியே ஊத்தச் சொன்னார். "தம்பி, இனி தண்ணி பௌசர் எப்ப வருமெண்டு உமக்குத் தெரியுமோ? ஊத்திப்போட்டு நான் எதில சமைக்கிறது?" என்று கேட்டா. வந்தவரிடம் மறுமொழி இல்லை. ஆடி, ஆவணியில் கிணறு அடி தெரிய வற்றுகிற ஊரில் மாமி கேட்டது நியாயமான கேள்வி.

ஊத்தினாலும் காணாது என்பதுதான் முக்கியம். டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணி மட்டத்துக்குச் சற்று மேலே, பரலின் உட்சுவரில் ஒட்டிவிடும். காய்ந்த சுவரில் அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்; திரும்பத் தண்ணி பட்டால் பொரிக்கும். அதனால் பரல் வெறுமையாகும் நேரம் பார்த்து, தும்பால் உள்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். நிரப்பின கையோடு வாயை இறுக்கி மூட வேண்டும். இதை விளங்கப்படுத்தின பிறகு, மாமி பழைய சேலையை இரண்டாய் மடித்துப் போட்டு, சைக்கிள் டியூபால் கட்டிவிட்டா. ஒரு சொட்டுத் தண்ணியும் வீணாகவில்லை.

2016 கடைசியில் மன்னாரில் ஸ்டீபன்சை என்ற வேறொரு மலேரியா நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். அது கிணற்றிலும் பெருகும். அதற்காகப் பாவிக்கிற கிணற்றை ஆரும் தூர்க்கச் சொல்லவில்லை, நுளம்பின் குடம்பியைத் தின்னும் மீன்களை விட்டார்கள். தண்ணியும் மிஞ்சியது.

கோடைக்குத் தண்ணித் தாங்கியும் பரலும் கொடுக்கிற ஆட்கள், வாய்க்கு அளவான மூடியையும் சேர்த்துக் கொடுங்கோ.