எட்டு கஜக் கொசுவம்

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கட்டம் போட்ட கம்பளி உடைதான் கில்ட். அதை முன்பக்கம் பார்த்து வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். முன்னால் இருப்பது தட்டையான துணி, அவ்வளவுதான். கட்டம் போட்ட கைலியைச் சுற்றி நின்றாலும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். திருப்பிப் போட்டுப் பின்பக்கக் கொசுவத்தைப் பாருங்கள். வித்தை அங்கேதான்.

கனத்த ரகம் என்றால் 16 அவுன்ஸ் கம்பளி. இரட்டை அகலத் துணியில் ஒரு கஜத்தின் எடை அது, சுமார் 450 கிராம். 13 அவுன்ஸ் நடுத்தரம். 10, 11 லேசு ரகம். எட்டு கஜம் என்று சொன்னாலும் வாங்குவது நான்கு கஜம்தான். 54 அங்குலத்துக்குக் குறையாத அகலம் இருப்பதால் நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, இணைப்பை ஒரு கொசுவத்துக்குள் ஒளித்துவிடுவார்கள். துணி மட்டுமே 1.8 கிலோ.

இனி கணக்கு. கட்டம் ஒரு முறை முழுதாக வந்து திரும்ப 8 அங்குலம் என்று வையுங்கள். எட்டு கஜம் 288 அங்குலம். ஒவ்வொரு கொசுவமும் ஒரு முழுக் கட்டத்தை உள்ளே விழுங்க வேண்டும். 26 கொசுவம் என்றால் 208 அங்குலம் அதற்கே போய்விடும். மீதி 80 அங்குலத்தில் கொசுவங்களின் வெளியே தெரியும் பாகமும், முன்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் இரண்டு மடிகளும், அவற்றின் உள்மடிப்புகளும். இடுப்புக்குக் கீழே புட்டச் சுற்றளவு 40 என்றால் பின்பாதி 20, கொசுவம் ஒன்றுக்கு வெளியே தெரிவது முக்கால் அங்குலம் சொச்சம். மேலே இடுப்பு 34 என்றால் பின்பாதி 17. அந்த 3 அங்குல வித்தியாசத்தை 26 கொசுவமும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொன்றிலும் நூலளவு, பதினாறில் ஒரு பங்கு பிசகினால், கடைசியில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இடுப்பு தப்பிப்போகும். இத்தனைக்கும் நடுவில் குறுக்குக் கோடுகள் ஒரு கொசுவத்திலிருந்து அடுத்ததற்கு உடையாமல் ஓட வேண்டும்.

இப்படி மடித்தால் பின்பக்கமும் முன்பக்கக் கட்டத்தையே காட்டும். ஒரே வரிக்கோடு ஒவ்வொரு மடிப்பிலும் வரும்படி அடுக்குவது இன்னொரு வகை, அது படை வழக்கம். ஸ்காட்லாந்தின் மலைநாட்டு ஆண்கள் இந்த உடையை உடுத்தக் கூடாது என்று 1746-ல் போட்ட சட்டம் 1782-ல்தான் நீங்கியது. அப்போதும் படையில் இருந்தவர்களுக்கு விலக்கு உண்டு.

இடுப்பிலிருந்து கீழே, மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் கொசுவம் தைக்கப்பட்டிருக்கும், அதுவும் கையால். மிஷின் தையல் கோட்டுக்குக் கோடு சேர்வதற்கு முன் துணியை நகர்த்திவிடும். உள்ளே திருப்பினால், தைத்த பகுதியில் மிஞ்சிய அடுக்குகளை வெட்டி எடுத்திருப்பார்கள். இல்லாவிட்டால் முதுகில் தலையணை கட்டியது மாதிரி இருக்கும். வெட்டிய இடத்துக்குப் பலமாக கேன்வாஸ், அதன் மேல் பருத்தி லைனிங். கேன்வாஸ் இல்லாத மலிவுச் சரக்கில் பெல்ட்டின் இழுப்பு நேராகக் கொசுவத்தின் மேல் விழும், சில மாதத்தில் தையல் வாய் திறந்துகொள்ளும்.

கீழ் விளிம்பு மடித்துத் தைத்திருக்காது. தறியில் ஊடு திரும்பிய ஓரமே அப்படியே தொங்கும். மதுரைப் புதுமண்டபத்தில் உட்கார்ந்து தேர்ச்சீலையும் தொம்பையும் தைத்துப் பழகிய கைக்கு மேலே சொன்ன கொசுவக் கணக்கெல்லாம் பெரிய காரியமே இல்லை. ஆனால் நீளம் குறைக்கக் கொடுத்தால் எந்தத் தையல்காரரின் கையும் முதலில் கீழேதான் போகும். ஹெம்மிங் அடித்துவிட்டால் ஒவ்வொரு மடிப்பின் அடியும் தடித்து, நடக்கும்போது ஆடவேண்டிய கொசுவம் விறைத்து நிற்கும். பாதி நேரம் நீளத்தில் குறையே இருக்காது. பேன்ட் மாதிரி இடுப்பெலும்பில் கட்டியிருப்பார்கள். தொப்புள் உயரத்துக்கு ஏற்றிக் கட்டினால் முழங்கால் சில்லின் நடுவில் சரியாக வந்து நிற்கும்.

பாலியஸ்டர் கலப்பில் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும்தான், ஆனால் அந்த ஆட்டம் வராது. கம்பளி தன் எடையால் தொங்கி, விரிந்து, தானாகப் பழைய மடிப்புக்கே திரும்பும். மதுரைச் சித்திரையில் பகல் கல்யாணத்துக்கு இதைக் கட்டுவது வேண்டாத வேலை. ஏசி மண்டபம் என்றால் சரி, கொடைக்கானல் என்றால் இன்னும் சரி.

கட்டிக் கழற்றியதும் பெட்டிக்குள் போடாதீர்கள். ஓர் இரவு நிழலில் காற்றாடத் தொங்கட்டும். வாஷிங் மிஷின் கூடவே கூடாது, சுருங்கிக் கட்டிபட்டுவிடும். தேய்ப்பதற்கு முன் கொசுவங்களைக் கீழ்வரை நீள ஓட்டுத்தையல் போட்டு நிறுத்துங்கள். மேலே ஈர மல்துணி. இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுங்கள். சூடு ஆறும்வரை துணியை அசைக்கக் கூடாது. சூட்டோடு தூக்கினால் விழுந்த மடிப்பு அப்போதே கலைந்துபோகும்.

அடுக்கி வைப்பதற்குக் கொசுவம் கலையாமல் பாய் மாதிரி பக்கவாட்டில் சுருட்டி, துவைத்துக் காய்ந்த பழைய வேட்டியில் பொதிந்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஐப்பசி ஈரத்தில் பூசணம் பிடிக்கும். பாச்சா உருண்டையைத் தனித் துணியில் முடிந்து பக்கத்தில் வையுங்கள், கம்பளியைத் தொட வேண்டாம். கில்ட்டோடு வரும் பெரிய ஊசியை மேல்மடியில் மட்டும் குத்துங்கள். இரண்டு மடியும் சேர்த்துக் குத்திவிட்டு உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது துணி கிழிந்திருக்கும்.