வுஸ்ட்ராவ்: ஸீட்டனைத் தேடிப் போன ஊர்

பெர்லினில் வில்ஹெல்ம் தெருவுக்குப் பக்கத்தில் ஸீட்டன் பிளாட்ஸ் என்று ஒரு சின்னச் சதுக்கம் இருக்கிறது. சுரங்க ரயிலிலிருந்து மேலே ஏறி வருகிறவர்கள் பெரும்பாலும் நிமிர்ந்து பார்க்காமல் போய்விடுவார்கள். அங்கே பீடத்தின் மேல் வெண்கலத்தில் ஒருவர் நிற்கிறார். தளபதி என்றால் வாளை உயர்த்தியபடி பாயும் குதிரை மேல் இருப்பார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். இவரோ குதிரையில்லாமல், மரத்தண்டில் சாய்ந்து, காலை மாற்றிப் போட்டுக்கொண்டு, கையை மோவாயில் வைத்து யோசித்துக்கொண்டிருக்கிறார். தலையில் ஹுஸார் எனப்படும் குதிரைவீரர்களின் உரோமத் தொப்பி, மார்பு முழுக்கக் குறுக்கே ஓடும் கயிற்றுப் பின்னல். ஹான்ஸ் யோவாக்கிம் ஃபொன் ஸீட்டன், பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெட்ரிக்கின் குதிரைப்படைத் தளபதி.

பிராண்டன்பர்க் வாயிலின் உச்சியில் நான்கு குதிரைத் தேரை வடித்த ஷாடோதான் இதையும் வடித்தவர். 1794-இல் முதலில் பளிங்கில் வைத்தார்கள். பெர்லின் குளிரும் மழையும் பளிங்கை அரித்ததால் 19-ஆம் நூற்றாண்டில் வெண்கல நகல் வந்தது. சண்டைக்காரரை யோசிப்பவராகக் காட்ட வேண்டும் என்று ஒரு சிற்பிக்கு ஏன் தோன்றியது? இந்தக் கேள்விதான் என்னை அவருடைய ஊர் வரை கொண்டுபோனது.

ஊர் பெயர் வுஸ்ட்ராவ். பெர்லினுக்கு வடமேற்கே, ரூப்பின் ஏரியின் தென்முனையில் இருக்கிறது. ஸ்பாண்டாவ் வழியாக நொய்ரூப்பின் போகும் வட்டார ரயிலில் ஏறினால் வுஸ்ட்ராவ்-ராடன்ஸ்லேபன் நிலையத்தில் இறங்கலாம். நிலையம் இரண்டு ஊர்களுக்கும் பொது. இறங்கியதும் ஊர் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், அங்கிருந்து நல்ல நடை இருக்கிறது. நான் போனது அக்டோபரில். வயல்களில் அறுவடை முடிந்திருந்தது. தெற்கே ரின்லுக் சதுப்பு நிலம். இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கான சாம்பல் நிறக் கொக்குகள் தெற்கே போகும் வழியில் அங்கே தங்கும். அவை கூட்டம் கூட்டமாகத் தலைக்கு மேல் போய்க்கொண்டே இருந்தன. தொண்டையிலிருந்து வரும் அந்த முரட்டுக் கூவல், பறவை கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடுகிறது.

1699-இல் ஸீட்டன் பிறந்தபோது வுஸ்ட்ராவ் பண்ணையில் பெரிய வசதி கிடையாது. பிரபு குடும்பம் என்ற பெயர் மட்டும் இருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் நொய்ரூப்பினில் இருந்த காலாட்படை ரெஜிமெண்ட்டில் பதின்ம வயதிலேயே சேர்ந்தார். அங்கே அவர் தேறவில்லை. ஆள் குள்ளம், குரலில் பலமில்லை. அணிவகுப்பில் ஆளின் உயரத்தையும் கட்டளைக் குரலின் முழக்கத்தையும் பார்த்து மதிப்புப் போட்ட படை அது. பதவி உயர்வில் தள்ளிவைக்கப்பட்டார், 1724-இல் வெளியேறினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, கிழக்குப் பிரஷ்யாவில் டிராகூன் குதிரைப்படையில் சேர்ந்தார். அங்கே மேலதிகாரியுடன் தகராறு முற்றி ஓராண்டு கோட்டைச் சிறை. வெளியே வந்ததும் அதே அதிகாரியுடன் வாள் சண்டை. இந்த முறை வேலையே போனது.

முப்பது வயதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாமல் ஊரில் வந்து உட்கார்ந்த மனிதர் இவர். வுஸ்ட்ராவின் ஏரிக்கரையில் நடந்தபோது அவருடைய வெற்றிகளை விட இந்தக் காலம்தான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

1730-இல் மீண்டும் வாய்ப்பு வந்தது, புதிதாக உருவாகிக்கொண்டிருந்த ஹுஸார் பிரிவில். ஹுஸார் என்பது ஹங்கேரியில் பிறந்த இலகுரகக் குதிரைப்படை. நேருக்கு நேர் மோதுவதை விட வேறு வேலைகளே இவர்களுக்கு அதிகம். எதிரி எங்கே இருக்கிறான் என்று மோப்பம் பிடிக்க வேண்டும், அவனுடைய உணவு வண்டிகளை மறிக்க வேண்டும், இரவில் முகாமைச் சுற்றிக் காவல் நிற்க வேண்டும். இதில் ஆஸ்திரியாவின் ஹங்கேரிய வீரர்கள் கைதேர்ந்தவர்கள், பிரஷ்யர்கள் கத்துக்குட்டிகள். 1735-இல் ரைன் நதிப் போரில் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் ஒரே பக்கம் நின்றன. அப்போது ஸீட்டன் தன் சிறு படையுடன் பரான்யாய் என்ற ஆஸ்திரிய ஹுஸார் தளபதியிடம் போய்ச் சேர்ந்து தொழிலை அடிப்படையிலிருந்து கற்றார். உயரமோ குரலோ அங்கே தேவைப்படவில்லை. பொறுமை தேவைப்பட்டது, கண் விழித்திருக்கத் தெரிய வேண்டியிருந்தது.

ஆறே ஆண்டுகளில் குருவும் சீடரும் எதிரெதிரே வந்தார்கள். இளம் மன்னர் ஃபிரெட்ரிக் ஆஸ்திரியாவின் சைலேசியா மாகாணத்துக்குள் படையோடு புகுந்திருந்தார். அதை நான் ஆக்கிரமிப்பு என்றே சொல்வேன். எத்தனை பரம்பரை உரிமைப் பத்திரங்களைக் காட்டினாலும் அது அடுத்தவர் நாட்டைப் பிடுங்கியதுதான். அந்தப் போரில், 1741 மே மாதம், ரோத்ஷ்லோஸ் என்ற இடத்தில் ஸீட்டன் பரான்யாயைத் தோற்கடித்தார். குரு சிறைப்படாமல் மயிரிழையில் தப்பினார். அதே ஆண்டில் ஸீட்டன் கர்னலாகி ஒரு ஹுஸார் ரெஜிமெண்ட்டுக்குத் தலைவரும் ஆனார். புறக்கணிப்பிலேயே கழிந்த இருபது ஆண்டுகளுக்கு அந்த ஒரு வருடம் கணக்குத் தீர்த்துவிட்டது.

ஜெர்மானியர்கள் அவரைப் பற்றி விரும்பிச் சொல்வது 1745 மே மாதத்துச் சவாரி. யேகர்ன்டார்ஃபில் மார்கிரேவ் என்ற பிரபுப் பட்டம் கொண்ட கார்லின் தலைமையில் ஒரு பிரஷ்யப் படை தனித்து நின்றது. பெரிய போர் வருகிறது, உடனே வந்து சேர் என்று அவருக்கு மன்னரின் ஆணை போக வேண்டும். வழியெல்லாம் ஆஸ்திரியப் படை. ஒற்றைத் தூதுவன் போனால் பிடிபடுவான் என்பதால் ஸீட்டன் ரெஜிமெண்ட்டையே கூட்டிக்கொண்டு கிளம்பினார். அவருடைய ஆட்களுக்கு அப்போதுதான் புதிய உடுப்பு வந்திருந்தது. ஆஸ்திரியர்கள் அதைப் பார்த்ததில்லை, தங்கள் ஹுஸார்களின் உடை போலவே இருந்ததால் நம் ஆட்கள்தான் என்று விட்டுவிட்டார்கள். எதிரிகளின் நடுவே நிதானமாகப் போய், அடையாளம் தெரிந்தபோது சண்டையிட்டு வழி பிளந்து, ஆணையைச் சேர்த்தார். ஜூன் 4-ஆம் தேதி ஹோஹென்ஃப்ரீட்பெர்க் போர் தொடங்கியபோது மார்கிரேவின் படை மன்னருடன் இருந்தது. எங்கிருந்து வருகிறார் என்றே தெரியாமல் பாய்வதால் ‘புதரிலிருந்து வரும் ஸீட்டன்’ என்று வீரர்களிடையே பெயர்.

ஆனால் எனக்கு அவரை அடையாளம் காட்டியது 1760-ஆம் ஆண்டுதான். அப்போது வயது 61. ஆகஸ்ட் 15 அதிகாலையில் லீக்னிட்ஸில் மன்னர் ஒரு பக்கம் ஆஸ்திரியத் தளபதி லாவ்டனின் படையை முறியடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம் டவுன் என்ற மற்றொரு ஆஸ்திரியத் தளபதியின் பெரும்படை உள்ளே வந்துவிடாமல் தடுத்து நிற்பதே ஸீட்டனின் வேலை. பாய்ச்சல் இல்லை, நிற்பது மட்டும். போர்க்களத்திலேயே அவரைக் குதிரைப்படை ஜெனரலாக உயர்த்தினார் மன்னர்.

அதே ஆண்டு நவம்பர் 3, டோர்காவ். சூப்டிட்ஸ் மேட்டில் டவுனின் பீரங்கிகள். மன்னர் சுற்றிப்போய் வடக்கிலிருந்து தாக்க, ஸீட்டன் தெற்கிலிருந்து தாக்க வேண்டும் என்பது திட்டம். மன்னரின் கிரெனேடியர் வீரர்களைப் பீரங்கிகள் கொத்துக் கொத்தாகச் சாய்த்தன. தெற்கே ஸீட்டனோ எதிரியின் முன்னணிக் காவல்படைகளோடு பிற்பகல் முழுக்கச் சிக்கிக் கிடந்தார். அவர் தாமதித்தார் என்று குறை சொல்லும் போர் வரலாற்றாசிரியர்கள் உண்டு, குறையில் நியாயமும் உண்டு. போர் தோற்றது என்று மன்னரே நினைத்தார். இருட்டும் நேரத்தில், குளங்களுக்கு இடையே இருந்த ஒரு வழியைப் பிடித்து ஸீட்டனின் படை மேட்டின் மேல் ஏறியது, தோற்றதாக நினைத்த போர் வெற்றியாக மாறியது. மன்னர் அன்று இரவைக் கழித்தது எல்ஸ்னிக் கிராமத் தேவாலயத்தில். இரு தரப்பிலும் சேர்த்துச் செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் முப்பதாயிரம் பேர் அளவுக்கு. இந்தக் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு வெற்றியை மட்டும் பேச எனக்கு மனம் வருவதில்லை.

ஏரிக்குப் பக்கத்தில் அவர் கட்டிய மாளிகை இன்றும் இருக்கிறது. ஆடம்பரம் இல்லாத, அளவான கட்டடம். இப்போது ஜெர்மன் நீதிபதிகளுக்குப் பயிற்சி தரும் கழகத்தின் ஒரு வளாகம் அது. மேலதிகாரியோடு வாளெடுத்துச் சிறை போனவரின் வீட்டில் நீதிபதிகள் பாடம் கேட்கிறார்கள். ஊரிலேயே பிராண்டன்பர்க்-பிரஷ்யா அருங்காட்சியகமும் இருக்கிறது. பிரஷ்யாவைச் சற்றுப் பாசமாகவே பார்க்கும் இடம், அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

கிராமத் தேவாலயத்தை ஒட்டித்தான் ஸீட்டன் புதைக்கப்பட்டிருக்கிறார். கிராமத்து மக்களின் கல்லறைகளோடு கல்லறையாக இருக்கிறது. 1785 ஜனவரியில் பெர்லின் அரண்மனைக்குப் போன 85 வயதுக் கிழவருக்கு மன்னர் நாற்காலி போடச் சொல்லி, தான் எதிரே நின்றுகொண்டு பேசினார். ஃபிரெட்ரிக்குக்கே அப்போது 73 வயது, கீல்வாதக்காரர். மன்னர் முன் குடிமகன் உட்காருவதே நடக்காத அந்த அவையில் இது பெரிய செய்தி. கோடோவியெக்கி என்ற ஓவியர் இதைச் செப்புத் தகட்டில் செதுக்க, அச்சுப்படங்கள் ஊரெல்லாம் பரவின. சரியாக ஓராண்டு கழித்து, 1786 ஜனவரி 26-இல், ஸீட்டன் இறந்தார். ஆகஸ்டில் மன்னரும் போய்விட்டார்.

ஸீட்டனுக்கு மகன் பிறந்தது 1765-இல், தன் 66-ஆம் வயதில். மன்னரே ஞானத்தந்தை. ஆனால் மகன் போர்ப்புகழ் தேடவில்லை. மாவட்ட நிர்வாகியாக இருந்து, 1854-இல் ஆண் வாரிசு இல்லாமல் மறைந்தார். ஷ்வெரின் குடும்பத்துக்கு ஸீட்டன்-ஷ்வெரின் என்ற இணைப்புப் பெயரோடு பண்ணை போனது.

வுஸ்ட்ராவ் போக நேரமில்லாதவர்கள் பெர்லினில் போடே அருங்காட்சியகத்துக்குப் போகலாம். சதுக்கத்தில் இருப்பது நகல்தானே, ஷாடோவின் கைபட்ட பளிங்கு அங்கே கூரைக்கு அடியில், ஃபிரெட்ரிக்கின் மற்றத் தளபதிகளோடு நிற்கிறது. பக்கத்திலேயே ஸைட்லிட்ஸும் இருக்கிறார். பாய்ச்சலில் ஸீட்டனை விடப் பெரியவர் அவர், ரோஸ்பாக் வெற்றியின் நாயகன். இருவரையும் ஒருமுறை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஊருக்கே போகிறவர்கள் அக்டோபரில் போங்கள், கொக்குகளையும் பார்த்துவிடலாம். வுஸ்ட்ராவ் அருங்காட்சியகம் குளிர்காலத்தில் சீக்கிரம் மூடிவிடும், நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.