செக் திரும்பியதும் ஓட ஆரம்பிக்கும் நாட்கள்

சின்னதாக ஒரு அச்சகம் நடத்துகிறேன். காலண்டரும் பில் புத்தகமும் அடித்து வாங்கிய ஒரு கடைக்காரர் ஒன்றரை லட்சத்துக்குச் செக் கொடுத்தார். அது 'போதிய பணம் இல்லை' என்று திரும்பி வந்துவிட்டது. போன் போட்டால், "அண்ணே, அடுத்த வாரம் மறுபடி போடுங்க, பாஸாயிடும்" என்கிறார்.

போலீஸில் புகார் கொடு என்றார்கள் தெரிந்தவர்கள். வக்கீலைப் பார்த்தபோதுதான், செக் வழக்குக்கு ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே வேண்டாம் என்று தெரிந்தது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 138ஆம் பிரிவு. பணம் வரவேண்டியவரே குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் நேராகப் புகார் தாக்கல் செய்யலாம். அதுவும் நம் கணக்கு இருக்கும் வங்கிக் கிளை எந்த நீதிமன்ற எல்லையில் வருகிறதோ அங்கேயே; 2015 திருத்தம் தந்த வசதி இது. குற்றம் நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

சட்டம் இவ்வளவு பலமாக இருந்தாலும் தேதி விஷயத்தில் கறார். செக்கில் போட்டிருக்கும் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தரவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. வழக்குப் போடத் தாமதமானால் தகுந்த காரணம் காட்டி நீதிமன்றத்தைக் கேட்கலாம். நோட்டீஸ் விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது. "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று ஒருவர் இனிக்க இனிக்கப் பேசும்போது இந்த 30 நாள்தான் கரைகிறது. அவர் பேசட்டும், நோட்டீஸ் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

வக்கீல் நோட்டீஸை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினார். கேட்ட தொகை செக்கில் இருந்த தொகைதான், ஒரு ரூபாய் கூட மாறக்கூடாது என்றார். வட்டி, செலவு கேட்பதென்றால் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டுமாம். தபால் 'வாங்கவில்லை' என்று திரும்பியது. எனக்குப் பகீரென்றது, வக்கீல் சிரித்தார். முகவரி சரியாக இருந்து, வேண்டுமென்றே வாங்காமல் விட்டால், கிடைத்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் அப்படியே வைக்கச் சொன்னார்.

புகாரோடு செக், வங்கியின் ரிட்டர்ன் மெமோ, நோட்டீஸ் நகல், அந்தக் கவர், பில், சரக்கு வாங்கிக்கொண்டதற்கு அவர் கையெழுத்திட்ட டெலிவரி சலான் எல்லாம் போயின. என் சாட்சியத்தைப் பிரமாணப் பத்திரமாகவே கொடுத்தேன்.

அப்புறம் வாய்தா. சட்டம் 6 மாதத்துக்குள் முடிக்க முயலச் சொல்கிறது. வராந்தாவில் நின்றிருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் அது எவ்வளவு நடக்கும் என்று புரியும். சம்மனுக்குக் கடைக்காரர் வரவில்லை. பிடிவாரண்ட் பிறந்ததும் வந்தார். செக்யூரிட்டிக்கு, அதாவது வெறும் பிணையாகக் கொடுத்த செக் என்பது அவர் தரப்பு வாதம். செக் கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்ட பிறகு, கொடுக்க வேண்டிய கடனுக்காகத்தான் கொடுத்தார் என்று 139ஆம் பிரிவு அனுமானிக்கிறது. இல்லையென்று காட்டும் பொறுப்பு அவருடையது. அதற்குமேல் அந்தச் சலான் வேறு. இடைக்கால இழப்பீடாகத் தொகையில் 20 சதவீதம் வரை தரச் சொல்லி உத்தரவிட 143ஏ பிரிவில் வழி இருக்கிறது. அந்த மனுவைப் போட்டதும் எதிர்த்தரப்பின் பேச்சு மாறிவிட்டது. சமாதானமாகப் போகலாம் என்றார்கள்.

இது சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். முழுத் தொகை, இரண்டு தவணை, வட்டி இல்லை. வட்டியை விடாதீர்கள் என்றார் வக்கீல். கடையைப் பூட்டிவிட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் நிற்பதைக் கணக்குப் போட்டேன், விட்டுவிட்டேன். ஆனால் முதல் தவணைக்கே வழக்கை வாபஸ் வாங்கச் சொன்னதற்கு மட்டும் தலையாட்டவில்லை. இரண்டாவது தவணை வங்கியில் வரவான பிறகுதான் சமரச மனுவில் கையெழுத்துப் போட்டேன்.