28/75

ஜனவரி 28
பிசினஸ் லா 28. பாஸுக்கு 30 வேண்டும். மற்ற பேப்பர் எல்லாம் தேறிவிட்டது.

ஜனவரி 29
விடைத்தாள் நகல் வாங்கிய பிறகுதான் மறுமதிப்பீட்டுக்குப் போட முடியுமாம். பணம் கட்டினேன். அப்பாவிடம் அசைன்மென்ட் செலவு என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 31
அண்ணாச்சி அப்பாவின் இஸ்திரி வண்டிக்கு வந்தார். சட்டை கொடுக்கத்தான் என்று நினைத்தேன். பையிலிருந்து புரோநோட்டை எடுத்தார். "பதினாலாம் தேதியோட மூணு வருசம் முடியுது. மாத்தி எழுதிருவோம்."

நாற்பதாயிரம், ரெண்டு வட்டி. மாதம் 800 தவறாமல் போகிறது. ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் அப்பா கையெழுத்து. பக்கத்தில் என்னுடையது, ஹால் டிக்கெட்டில் போடுவது போல இனிஷியலோடு முழுப் பெயர். கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் கீழே வளைந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு 17 வயது 9 மாதம்.

பிப்ரவரி 2
தூக்கம் வரவில்லை. மொஹோரி பீபி வழக்குதான் ஓடுகிறது. 1895-ல் கல்கத்தாவில் தர்மோதாஸ் கோஷ் என்ற மைனர், அதாவது சட்டப்படி வயது வராதவன், பிரம்மோ தத்திடம் 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதிக்கொடுத்தான். தத் இறந்த பிறகு வழக்கில் அவர் இடத்துக்கு வந்தவர் மொஹோரி பீபி. 1903-ல் பிரிவி கவுன்சில் தீர்ப்பு, அப்போது அதுதான் லண்டனில் இருந்த கடைசி அப்பீல் கோர்ட்: மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. கொடுத்த பணமும் திரும்பவில்லை. தோற்றவர் பெயரைத்தான் நாங்கள் மனப்பாடம் செய்கிறோம்.

அப்படியென்றால் என் கையெழுத்து?

பிப்ரவரி 3
நகல் வரவில்லை.

பிப்ரவரி 5
கேம்பஸ் இன்டர்வியூ 20-ம் தேதி. அரியர் இருப்பவர்கள் வர வேண்டாம் என்று நோட்டீஸ் போர்டில் சிவப்பு மையில், அடிக்கோடு வேறு.

பிப்ரவரி 7
மேனேஜ்மென்ட் பேப்பருக்கு எஃப். டபிள்யூ. டெய்லர் என்ற அமெரிக்க இன்ஜினியரைப் பற்றிப் படித்தேன். பெத்லஹேம் ஸ்டீலில் ஒரு மண்வாரிக்கு 21 பவுண்டு அள்ளினால்தான் ஒரு நாளில் அதிக வேலை நடக்கும் என்று கண்டுபிடித்தாராம். அப்பாவின் இஸ்திரிப் பெட்டி, கரியோடு ஏழு கிலோவாவது இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்குகிறார் என்று எண்ண உட்கார்ந்தேன். நூறுக்கு மேல் விட்டுவிட்டேன். டெய்லர் கையில் ஸ்டாப்வாட்ச் மட்டும்தான் இருந்தது, பெட்டி இல்லை.

பிப்ரவரி 9
சொல்லிவிட்டேன். "அப்பா, அப்போ நான் மைனர். என் கையெழுத்து செல்லாது."

காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "காசு செல்லுச்சுல்ல?"

செல்லியது. எனக்குக் காலேஜ் ஃபீஸாக. அவர் கையெழுத்து எப்படியும் செல்லும். கழன்றுகொள்ள முடிவது என்னால் மட்டும்தான். இதைப் போய் ஏன் சொன்னேன்.

பிப்ரவரி 11
நகல் வந்துவிட்டது! மொஹோரி பீபிக்குப் பத்துக்கு ஏழு. ஆனால் இரண்டு மார்க் பகுதியில் ஏழாவது கேள்விக்கு எதிரே ஒன்றுமே இல்லை. டிக் இல்லை, தப்பும் இல்லை. கேள்வி: குயிட் ப்ரோ குவோ என்றால் என்ன? ஒரே வரி எழுதியிருக்கிறேன், 'ஒன்றுக்கு ஈடாக ஒன்று'. சரியான பதில். அந்த ரெண்டு மார்க் போட்டால் 30.

மறுமதிப்பீட்டுக்குப் போட்டாச்சு.

பிப்ரவரி 12
20-க்குள் வருமா?

பிப்ரவரி 13
அண்ணாச்சி இன்னொரு பத்தாயிரம் தருகிறாராம். "மொத்தமா அம்பதுன்னு எழுதிருவோம். தம்பியும் பக்கத்துல ஒரு கையெழுத்து." அப்பாவுக்குச் சந்தோஷம், வண்டிக்குச் சக்கரம் மாற்றலாம்.

சார் வகுப்பில் சொன்னது ஞாபகம் இருக்கிறது. மைனர் காலத்துக் கடனுக்குப் பதினெட்டு முடிந்து புது நோட்டு எழுதினாலும் செல்லாது. ஆனால் புதிதாகக் கொஞ்சம் பணமும் சேர்த்து வாங்கிக்கொண்டு எழுதினால் கதை வேறு. அண்ணாச்சிக்கு இது தெரியுமா? இல்லை, சும்மா நல்ல மனசா?

அப்பாவிடம் சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னதே போதும்.

பிப்ரவரி 14
ஆறு மணி. கரி பிடித்துவிட்டது. மறுமதிப்பீட்டுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. தெருமுனையில் அண்ணாச்சி பைக் சத்தம். அப்பா பேனா கேட்கிறார், இதே பேனாவை