பிச்சிக்கு மல்லிகை என்று பெயர் போட்டால்

நவம்பர் 1, குமரி மாவட்டம் 1956-ல் தமிழகத்தோடு இணைந்த நாள். அதை ஒட்டி ஒரு ஜவுளிக்கடைக்காக நாகர்கோவிலைக் கொண்டாடி நாங்கள் செய்த விளம்பர வரிசை, வாரம் ஒன்றாக நாளிதழில் நாலு அரைப்பக்கம். தோவாளைப் பூ, மட்டிப்பழம், வடசேரிக் கோவில் நகை, பத்மநாபபுரம் அரண்மனை என்று பொருள் முடிவாக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பணமும் பேசி முடித்தாயிற்று. பிறகுதான் பாடு.

முதல் விளம்பரத்திலேயே அடி. படத்தில் இருந்தது பிச்சி; மொட்டின் இளஞ்சிவப்பு நன்றாகவே தெரிகிறது. தலைப்போ 'மல்லிகை மணக்கும் மண்'. வாசகம் எழுதியவர் வெளியூர்க்காரர், வெள்ளையாக இருந்தால் அவருக்கு மல்லிகை. காலை ஏழு மணிக்கே கடைக்கு போன் வர ஆரம்பித்துவிட்டது. பூ விற்கிற ஊரில் பூவின் பெயரைத் தப்பாகப் போட்டால் விடுவார்களா? இங்கே கேந்தி என்பதைச் சென்னையில் சாமந்தி, செண்டுமல்லி என்று எதையாவது சொல்லிக் குழப்புவார்கள். வாசகத்தை டிசைனுக்கு அனுப்புமுன் அந்தத் தொழில் செய்கிற ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். பத்து நிமிட வேலை.

இரண்டாவதில் மட்டிப்பழம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வாழைப்பழம், மெலிந்த சின்னக் காய். இணையத்தில் விலைக்கு வாங்கிய படத்தைப் போட்டு அனுப்பினோம். கடைக்கார அண்ணாச்சி செல்போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது மட்டியில்ல, ரசகதலியாக்கும்" என்றார். நல்லவேளை, அச்சுக்குப் போகுமுன் பார்த்தார். சந்தையில் ஒரு சீப்பு வாங்கி நாமே படம் எடுத்ததில் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

அச்சுப் பக்கம் நடந்ததுதான் பெரிய சேதம். பூ விளம்பரத்தில் கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து, 9 பாயிண்ட் அளவு, மெல்லிய எழுத்துரு. கணினியில் பார்க்க அழகு. அச்சாகி வந்தபோது மை பரவி, எழுத்தின் வளைவெல்லாம் அடைத்து, மெய்யெழுத்துப் புள்ளிகளில் பாதி காணோம். 'பூக்கள்' என்று போட்டது 'பூககள' என்று நின்றது. தமிழுக்குப் புள்ளி போனால் சொல்லே போய்விடும். ஆங்கிலத்துக்கு 9 பாயிண்ட் போதும் என்று சொல்கிறவர்களின் கணக்கை இங்கே எடுக்காதீர்கள். வெள்ளை எழுத்து என்றால் குறைந்தது 12 பாயிண்ட், தடித்த எழுத்துரு, பின்னணி ஒரே நிறத்திலோ இரண்டு நிறத்திலோ இருக்கட்டும். அச்சின் நாலு மை நிறமும் கலந்த பின்னணியில் ரெஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது, ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்குள் நிறம் ஏறிவிடும்.

நாளிதழ்த் தாள் மையை உறிஞ்சும். 50 விழுக்காடு மை கொடுத்த இடம் தாளில் 76 போலத் தெரியும். நடுத்தர நிழல்களைப் படத்திலேயே வெளுப்பாக்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு நிறத்தின் விழுக்காட்டையும் கூட்டினால் வரும் மொத்த மை 240 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, சில அச்சகங்கள் 220 கேட்கும். சிறிய எழுத்துக்குக் கறுப்பு மட்டும் 100; போட்டோஷாப் தானாகக் கொடுக்கிற நாலு நிறக் கறுப்பு வேண்டாம். இன்னொன்று: தாளே லேசான சாம்பல், பூவை அதைவிட வெளுப்பாகக் காட்ட எந்த மையாலும் முடியாது. பக்கத்தில் வாழையிலையோ நிழலோ வைத்தால்தான் பூ வெள்ளையாகத் தெரியும்.

பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் யூனிகோடு தமிழ் போட்டால் பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். நாளிதழ் விளம்பரப் பிரிவில் மூல ஃபைல் கேட்டார்கள், கொடுத்தோம். அங்கே எழுத்துரு இல்லாமல் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறிப்போனது. எழுத்தை வடிவக் கோடாக மாற்றிய பிடிஎஃப் தவிர வேறெதையும் தராதீர்கள். மாற்றாத பிரதி ஒன்று கையில் இருக்கட்டும், ஏனென்றால் மாலை ஐந்து மணிக்கு 'நாகர்கோயில்' வேண்டாம், 'நாகர்கோவில்' ஆக்குங்கள் என்று கட்டாயம் போன் வரும். நாலு காலம் (பத்தி) அகலம் என்றால் எத்தனை சென்டிமீட்டர் என்பதும் நாளிதழுக்கு நாளிதழ் மாறும். அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள்.

நகை விளம்பரத்தில் 'புவிசார் குறியீடு பெற்ற கோவில் நகை' என்று எழுதிவிட்டு, மாடல் கழுத்தில் போட்டிருந்தது மெஷினில் செய்த கவரிங். குறியீட்டின் பெயரும் சின்னமும் அப்படி விளையாட்டுக்குப் போடுகிற சமாச்சாரமில்லை. முத்திரையைப் போட பதிவு பெற்ற பயனாளியாக இருக்க வேண்டும். வரியை எடுத்தோம். வடசேரிப் பட்டறையில் செய்த செட் ஒன்றை வாடகைக்கு வாங்கிப் படத்தையும் மறுபடி எடுத்தோம். வெள்ளியில் தங்க ரேக்கு (மெல்லிய தகடு) ஒட்டிச் சிவப்புக் கல் பதித்தது, நாளிதழ்த் தாளில்கூடக் கல்லின் சிவப்பு நின்றது.

அரண்மனைக்கு ஒரு பகல் முழுக்க வீண். திங்கட்கிழமை போனோம், அன்று விடுமுறை. மறுநாள் போனால் வணிகப் படப்பிடிப்புக்கு அனுமதிக் கடிதம் எங்கே என்கிறார்கள். தக்கலை நம் மாவட்டம்தான், அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் கையில். கடிதத்துக்குத் திருவனந்தபுரம் போக வேண்டும். தமிழகத்தோடு இணைந்த நாளைக் கொண்டாடும் விளம்பரத்துக்குக் கேரளத்தின் அனுமதி! நாள் போதாது. அரண்மனையை விட்டுவிட்டு நாகர்கோவில் மணிமேடை மணிக்கூண்டைக் கோட்டோவியமாக வரைந்தோம். நடுரோட்டில் நிற்கிறது, யாரிடமும் கடிதம் கேட்க வேண்டியதில்லை. தனிக் கறுப்புக் கோடு என்பதால் ரெஜிஸ்டர் தொல்லையும் இல்லை. நாலிலும் சுத்தமாக அச்சானது அதுதான்.

பில்லுக்கு விளம்பரம் வந்த பிரதி வேண்டும். அனுப்பி வைத்தது வேறு பதிப்பு, அதில் நம் விளம்பரமே இல்லை. கடைசியில் பழைய பேப்பர் கடையில் கட்டைப் பிரித்துத் தேடினோம். மூன்று வாரப் பிரதி கிடைத்தது. நாலாவதை டீக்கடையில் வடை மடிக்க வைத்திருந்தார்கள்.