பெயர் உள்ள வளைவுகள்: மகனோடு நார்வே மலைச்சாலைகளில்

சேலத்தில் நெடுஞ்சாலைத் துறையில் வரைதொழில் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலம் முழுக்கச் சாலைகளை வரைந்திருக்கிறேன். நெடுக்குவெட்டு, குறுக்குவெட்டு, சிறுபாலம், தடுப்புச் சுவர் என்று எல்லாம் டிரேசிங் தாளில் என் கை வழியாகப் போயிருக்கின்றன. ஆகவே ஸ்கேண்டிநேவியாவுக்குப் போனபோது என் கண் முதலில் சாலையைத்தான் பார்த்தது, அருவியும் பனிமலையும் அப்புறம்தான். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் வரும்.

மகன் கோதன்பர்கில் இருக்கிறான். கார்களுக்கு மென்பொருள் எழுதும் வேலை. ஸ்வீடனில் கோடைக்காலத்தில் சேர்ந்தாற்போல் நான்கு வாரம் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சட்டமே உரிமை கொடுத்திருக்கிறது. ஜூலையில் அந்த ஊர் அலுவலகங்கள் பாதி காலி. "இந்த வாட்டி லீவுக்கு நான் வரல, நீ வாம்மா. கார்ல போவோம்" என்று கூப்பிட்டான். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஒரு சின்ன ரைஸ் குக்கர் எல்லாம் கட்டிக்கொண்டு கோபன்ஹேகனில் இறங்கினேன்.

விமான நிலையத்திலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கடலுக்கு அடியில் இருந்தோம். டென்மார்க்கையும் ஸ்வீடனையும் சேர்க்கும் ஓரெசுண்ட் இணைப்பு 2000-ஆம் ஆண்டு ஜூலையில் திறந்தது. முதலில் 4 கி.மீ. சுரங்கம், அடுத்து அதே அளவுக்கு ஒரு செயற்கைத் தீவு, அதற்கப்புறம் ஏறக்குறைய 8 கி.மீ. பாலம். மேல்தளத்தில் கார், கீழ்த்தளத்தில் ரயில். முழுக்கப் பாலமாகவே கட்டாததற்கு அந்த விமான நிலையம்தான் காரணம்: விமானம் ஏறி இறங்கும் பாதையில் உயரமான கோபுரங்களை நிறுத்த முடியாது. தீவின் ஒரு முனையில் சாலை மண்ணுக்குள்ளிருந்து மேலே வந்து, வளைந்து, மறுமுனையில் பாலத்தில் ஏறுகிறது. அந்த ஏற்றத்தின் சரிவை ஜன்னல் வழியாக அளந்துகொண்டே வந்தேன்.

மால்மோ வந்ததும் மகன் 1967-இன் கதையைச் சொன்னான். அதுவரை ஸ்வீடனில் நம்மைப் போல இடப்பக்கம்தான் வண்டி ஓட்டினார்களாம். அண்டை நாடுகள் எல்லாம் வலப்பக்கம். 1955-இல் மக்களிடம் வாக்கெடுத்தபோது பெரும்பான்மையோர் மாற்றம் வேண்டாம் என்றே சொன்னார்கள். ஆனாலும் நாடாளுமன்றம் முடிவு எடுத்தது. 1967 செப்டம்பர் 3, ஞாயிறு விடிகாலை ஐந்து மணிக்கு நாடு முழுவதும் ஒரே நேரத்தில் வலப்பக்கம் மாறியது. ஒவ்வொரு சந்திப்பின் படத்தையும் புதிதாகப் போட்டிருப்பார்கள். பேருந்துக்குக் கதவுகூட மறுபக்கம் வேண்டுமே! அந்த வேலை செய்த வரைவாளர்களை நினைத்து எனக்கு மலைப்பாக இருந்தது.

ஸ்வீடனின் பல உள்நாட்டுச் சாலைகளில் இன்னொன்றும் பார்த்தேன். மூன்றே தடம். நடுத்தடம் சில கிலோமீட்டருக்கு ஒரு திசைக்கு, அடுத்த சில கிலோமீட்டருக்கு எதிர்த்திசைக்கு என்று மாறி மாறிப் போகிறது. எதிரும் புதிருமான தடங்களுக்கு நடுவில் எஃகுக் கம்பிவடத் தடுப்பு. நேருக்கு நேர் மோத வழியே இல்லை. சாலையில் யாரும் சாகக் கூடாது, படுகாயம் அடையக் கூடாது என்பதையே இலக்காக 1997-இல் அவர்கள் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. மனிதன் தவறு செய்வான், அதற்கு உயிரை விலையாகக் கேட்காதபடி சாலையைப் போட வேண்டியது போடுகிறவர் பொறுப்பு என்கிறது அந்தக் கொள்கை. நம் ஊர் விபத்துப் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டவள் நான். எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் ஸ்வீடனில் கிடையாது.

கோதன்பர்கில் மகன் வீட்டில் இளைப்பாறிவிட்டு, அவனுடைய மின்சாரக் காரில் வடக்கே கிளம்பினோம். ஓஸ்லோவில் அதிகம் நிற்கவில்லை. நார்வேயில் 2024-இல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள். மலைக்கிராமத்தில்கூட மின்னேற்றும் இடம் இருக்கிறது. ஊருக்கு வெளியே பெரும்பாலும் 80 கி.மீ. வேகம்தான். அதற்கு மேல் யாரும் போகவில்லை, போகவும் தோன்றாது.

வழியில் பழுப்பு நிறப் பலகைகளில் ஒரு வெள்ளைக் குறி வந்துகொண்டே இருந்தது. நான்கு மூலையிலும் சுழி போட்ட சதுரம், நம் சிக்குக் கோலத்தின் ஓர் இழையை மட்டும் எடுத்து வைத்த மாதிரி. "என் லேப்டாப்ல பாத்திருக்கியாம்மா? ஆப்பிள் கீபோர்டுல இதே குறிதான்" என்றான். பார்க்க வேண்டிய இடம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு இந்த வட ஐரோப்பிய நாடுகளின் சாலைகளில் வைக்கும் அடையாளத்தை எண்பதுகளில் அந்தக் கணினிக்கு எடுத்துக்கொண்டார்களாம். அதற்கப்புறம் அந்தக் குறி தெரிந்தால் நான் சொல்வேன், அவன் திருப்புவான்.

அப்படித் திருப்பியதில் ஒன்று போர்குண்ட் மரக்கோவில். 1180-ஐ ஒட்டிக் கட்டிய தேவாலயம், முழுக்கப் பைன் மரம். அடுக்கடுக்கான கூரை, முகட்டில் வாய் பிளந்த டிராகன் தலைகள், மேலெல்லாம் கரிய தார்ப்பூச்சு. நார்வேயில் இந்த வகை இடைக்காலக் கோவில்கள் ஆயிரத்துக்கும் குறையாமல் இருந்திருக்கலாம் என்கிறார்கள். மிஞ்சியவை 28. தூண்களை நேரே மண்ணில் நடாமல், கல் அடித்தளத்தின் மேல் மரச்சட்டம் வைத்து அதில் நிறுத்தியிருக்கிறார்கள். ஈரம் ஏறவில்லை, மரம் மக்கவில்லை. எண்ணூறு வருட ஆயுளுக்குக் காரணம் இந்த ஒரு விவரம்தான். குனிந்து அதைத்தான் வெகுநேரம் பார்த்தேன்.

கோவிலுக்குப் பக்கத்திலேயே பழைய அரசப் பாதை. கிழக்கே ஓஸ்லோவையும் மேற்கே பெர்கனையும் இணைத்து 1793-இல் போட்ட முதல் வண்டிப்பாதையின் ஒரு துண்டு. அடுத்த நூற்றாண்டில் வளைவுகளைத் திருத்தி, கருங்கல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். இப்போது புல் மூடிக் கிடக்கிறது, நடந்துதான் போக வேண்டும். அங்கிருந்து காரில் அரை மணி நேரத் தொலைவில் அதே கிழக்கையும் மேற்கையும் சேர்க்கும் லேர்டால் சுரங்கம்.

24.5 கி.மீ. உலகின் மிக நீளமான சாலைச் சுரங்கம், 2000-இல் திறந்தது. ஒரே மாதிரி இருட்டில் ஓட்டுகிறவர் கண் சொருகும், மனசும் அடைத்துப்போகும் என்பதால் 6 கி.மீ.க்கு ஒரு முறை பாறையை அகலமாகக் குடைந்து மண்டபம் போல விட்டிருக்கிறார்கள். அங்கே நீல விளக்கு, தரையோரத்தில் மஞ்சள் ஒளி. இருட்டிலிருந்து விடிகாலைக்குள் நுழைந்த மாதிரி ஒரு தெளிச்சி வருகிறது. சுங்கம் கிடையாது. சுரங்கத்தின் இரு முனையிலும் உள்ள லேர்டால், அவுர்லாண்ட் இரண்டும் சேர்ந்தாலும் சில ஆயிரம் பேர்தான். அவர்கள் பனிக்காலத்தில் துண்டுபட்டுவிடக் கூடாது, கிழக்கும் மேற்கும் வருடம் முழுக்கப் படகுத்துறையில் காத்திருக்காமல் போய்வர வேண்டும் என்று ஒரு நாடு மலையைக் குடைந்திருக்கிறது. "இவ்ளோ செலவு பண்ணலாமாம்மா?" என்றான் மகன். பண்ண வேண்டும் என்றேன். ஆட்களை எண்ணிச் சாலை போட்டால் மலைக்கு என்றைக்கும் சாலை வராது.

திரும்பும்போது சுரங்கத்தில் வரவில்லை. மேலே பழைய மலைச்சாலை இருக்கிறது. கோடையில் மட்டும் திறப்பார்கள், பனிச்சாலை என்றே பெயர். ஏற்றத்தில் ஸ்டேகஸ்டெய்ன் பார்வைமேடை. ஃபியோர்டு என்றால் மலைகளுக்கு நடுவே நீண்டு நுழைந்த கடல். அந்த நீருக்கு 650 மீட்டர் உயரத்தில், மலையைவிட்டு 30 மீட்டர் வெளியே நீண்டிருக்கிறது மரமும் எஃகுமான நடைமேடை. முனையில் கண்ணாடித் தடுப்பு, அதற்கப்பால் மரம் அப்படியே கீழ்நோக்கி மடிந்து மறைகிறது. மகன் முனைவரை போய் நின்றான். நான் பாதியில் நின்று அடிப்பக்கத் தாங்கிகளைப் பார்த்தேன். மேலே 1,300 மீட்டரைத் தாண்டியதும் ஜூலையிலும் ஓரத்தில் பனி கிடந்தது.

சோக்னெ ஃபியோர்டைச் சேர்ந்த நீரைப் படகில் கடந்தோம். காரோடு ஏறும் பெரிய படகு. கட்டணத்தைக் கேமரா எண்பலகை பார்த்து எடுத்துக்கொள்கிறது. நார்வேயின் மேற்குக் கரைப் படகுகளில் ஸ்வேலெ என்று ஒரு தடித்த இனிப்பு அப்பம் விற்பார்கள். வெண்ணெயும் சர்க்கரையும், அல்லது பழுப்புப் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துத் தருவார்கள். சூடாக இருந்தால் அருமை. உலகின் முதல் மின்சாரக் கார்ப்படகும் 2015-இல் இதே ஃபியோர்டில்தான் ஓடத் தொடங்கியது, நாங்கள் கடந்த இடத்துக்கு மேற்கே.

அங்கிருந்து 1,434 மீட்டர் வரை ஏறும் சோக்னெ மலைச்சாலை. வேலையில்லாத இளைஞர்களைக் கொண்டு போட்ட இந்தச் சாலை 1938-இல் முடிந்தது. அன்றைக்குச் சாப்பாடு பனியாற்றின் எதிரில், புளியோதரையும் சிப்ஸும். மகன் பேச ஆரம்பித்ததும் அங்கேதான். போனில் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பதோடு நின்றுவிடுகிற பேச்சு, காரில் இருவரும் முன்னே பார்த்தபடி உட்கார்ந்திருக்கையில் தானாக நீண்டது. முதல் வருடக் குளிர்காலத்தில் மூன்று மணிக்கே இருட்டியபோது ஊருக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்ததைச் சொன்னான். நான் குறுக்கே பேசவில்லை.

ஃபியோர்டுக் கரையில் உள்ள கெய்ராங்கர் ஊருக்கு இறங்கும் சாலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1880-களில் வெடிமருந்தும் கடப்பாரையும் கொண்டு போட்ட சாலை இது. 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. அதில் ஓர் இடத்துக்கு முடிச்சு என்று பெயர்: சாலை ஒரு வட்டம் அடித்து, கல் வளைவுப் பாலம் ஒன்றின் வழியாகத் தன்னையே தாண்டிப் போகிறது. பழைய பாதை அது, இப்போது நடந்து பார்க்கலாம். திருப்ப இடமில்லாத மலையில் ஏற்றத்தையும் கூட்டாமல் இறக்க வேறு வழியே இல்லை. அந்தப் படத்தை முதன்முதலில் தாளில் போட்டவர் எவ்வளவு நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். இறக்கம் முழுக்கக் காரின் மின்கலம் தன்னால் நிரம்பிக்கொண்டே வந்தது.

கெய்ராங்கர் ஃபியோர்டின் அழகைப் பலர் எழுதிவிட்டார்கள். அதை ஒட்டிய சுன்னில்வ்ஸ் ஃபியோர்டின் கரையில் ஓகெர்னெஸ் என்ற மலைச்சரிவு வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டிருக்கிறது. கருவிகள் இரவும் பகலும் அதைக் கண்காணிக்கின்றன. பக்கத்து டாஃபியோர்டில் 1934 ஏப்ரலில் பாறை சரிந்து விழுந்து எழுந்த அலையில் 40 பேர் இறந்தார்கள். இதைப் படித்துவிட்டுக் கரையில் நின்றபோது, இங்கே ஊரும் சாலையும் படகுத்துறையும் வைத்து வாழ்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது.

கழுகுச்சாலை வழியாக ஏறி, இன்னொரு படகு பிடித்து, வால்டாலில் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு ட்ரோல்ஸ்டீகன் என்ற மலைச்சாலையின் தலைமாட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பதினோரு கொண்டை ஊசி வளைவுகள், பத்து சதவீதச் சரிவு, நடுவே அருவியைத் தாண்டும் கல்பாலம். எட்டு வருட வேலைக்குப் பின் 1936-இல் அரசர் ஏழாம் ஹாக்கான் திறந்துவைத்தார். பார்வைமேடையில் நின்றால் பதினொன்றும் மேலிருந்து தெரிகின்றன, தாளில் போட்ட திட்டப்படம் போலவே. ஏற்காட்டுச் சாலையில் வளைவுக்கு 1/20, 2/20 என்று எண் இருக்கும். இங்கே ஒவ்வொரு வளைவுக்கும் பெயர். பெரும்பாலானவை அந்த வளைவைக் கட்டிய குழுவின் மேஸ்திரிகளுடைய பெயர்கள்.

இதை மகன் போனில் படித்துச் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா, நீ வரைஞ்ச ரோடு எதும்மா?" என்று கேட்டான். இத்தனை வருடத்தில் வீட்டில் யாரும் கேட்டதில்லை. சொன்னேன். சேர்வராயன் மலைக்கிராமச் சாலைகள், ஒரு ஓடைமேல் போட்ட சிறுபாலம், அகலப்படுத்திய ஒரு திருப்பம். அவனுடைய நோட்டை வாங்கி வளைவு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். உள்பக்கம் ஏன் அகலம் கூட்ட வேண்டும், நீண்ட வண்டியின் பின்சக்கரம் எப்படி உள்ளே இழுக்கும், வெளிவிளிம்பை ஏன் உயர்த்த வேண்டும், மழைநீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும். "இதெல்லாம் கையாலேயே போடுவியா?" "ரயில்வே கர்வ்னு வளைஞ்ச அளவுகோல் இருக்கும், அதை வெச்சு மையில போடுவோம்டா. மை சிந்தினா பிளேடால சுரண்டணும்." கார் தானாகத் திரும்புவதற்கு அவன் எழுதுகிற மென்பொருளுக்கும் வளைவின் ஆரம்தான் முதல் கணக்காம். இறங்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் மெதுவாக்கி, "இது சரியா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அடுத்து அட்லாண்டிக் சாலையும் பார்த்தோம். 1989-இல் திறந்தது, எட்டுப் பாலங்கள் தீவுக்குத் தீவு தாவுகின்றன. அன்று காற்றில்லை, கடல் தட்டையாக இருந்தது. படங்களில் வரும் அலைகளுக்கு இலையுதிர்காலப் புயலில் போக வேண்டும். திரும்புவழி டொம்பாஸ், ஓஸ்லோ என்று நேர்ச்சாலை.

போக நினைப்பவர்களுக்கு: மலைச்சாலைகள் பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும், அக்டோபர், நவம்பரில் பனி வந்தால் மூடிவிடுவார்கள். ட்ரோல்ஸ்டீகனைக் கல் சரிவு அபாயத்தால் 2024 கோடையில் மூடியே வைத்தார்கள். ஆகவே கிளம்பும் நாளில் நார்வே சாலைத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். மது அளவு வரம்பு 0.02 சதவீதம், குடித்தால் ஓட்டவே கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். முகாம் இடங்களில் அடுப்போடு கூடிய மரக்குடில் வாடகைக்குக் கிடைக்கும், ஓட்டல் சாப்பாட்டு விலைக்கு அதுதான் மாற்று. மூட்டுவலி உள்ள பெரியவர்களோடு போனால் ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். அந்தச் சாலைகளில் அதற்கே ஐந்தாறு மணி நேரம் ஆகும்.