இரண்டு நீதிமன்றங்களுக்கு இடையே ஒரு மாணவ வக்கீல்

அமெரிக்காவில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் திருட்டுக் குற்றச்சாட்டில் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டால், வசதியில்லாத அவனுக்கு வக்கீல் அமர்த்தித் தர வேண்டியது அரசின் கடமை. 1967இல் கால்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே பையனை நாடுகடத்தக் கோரிக் குடிவரவு நீதிமன்றத்தில் வழக்கு வந்தால் நிலைமை வேறு. அது சிவில் வழக்கு என்பதால், வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, ஆனால் அரசின் செலவில் அல்ல என்கிறது சட்டம். அரசுத் தரப்புக்கு வழக்கறிஞர் எப்போதும் இருப்பார். குழந்தைக்கு இருப்பார் என்ற உறுதி இல்லை.

கலிபோர்னியாவில் சட்டம் படித்தபோது, இந்த இடைவெளியில்தான் எங்கள் கிளினிக், அதாவது மாணவர்கள் மேற்பார்வையின் கீழ் வழக்கு நடத்தும் கல்லூரிப் பிரிவு, வேலை செய்தது. பேராசிரியரோ வழக்கறிஞரோ மேற்பார்வையிட, ஊதியம் வாங்காத சட்ட மாணவர், நீதிபதியின் அனுமதியுடன் குடிவரவு நீதிமன்றத்தில் வாதாடலாம் என்று மத்திய அரசின் விதிகளே இடம் தருகின்றன.

எங்கள் வேலையில் பெரும்பகுதி பெற்றோரால் கைவிடப்பட்டது போன்ற நிலையில் உள்ள சிறார் கிரீன் கார்டு பெற வழிசெய்யும் 'சிறப்புக் குடியேறிய சிறார்' என்ற ஏற்பாட்டைச் சுற்றியே இருந்தது. 1990இல் உருவாகி 2008இல் விரிவாக்கப்பட்ட இந்த வழியில் விசித்திரம் என்னவென்றால், குடிவரவுப் பலன் கேட்பவர் முதலில் மாநில நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். துன்புறுத்தல், புறக்கணிப்பு, கைவிடல் அல்லது அவற்றை ஒத்த காரணத்தால் தாய் தந்தையரில் ஒருவருடனோ இருவருடனுமோ மீண்டும் சேர்ந்து வாழ வழியில்லை என்றும், சொந்த நாட்டுக்குத் திரும்புவது அவருக்கு நல்லதல்ல என்றும் அந்த நீதிபதி எழுதித் தர வேண்டும். அந்த உத்தரவோடு, இருபத்தொரு வயது நிறைவதற்குள், மணமாகாதவராக, குடிவரவுத் துறையிடம் மனுச் செய்ய வேண்டும். நீதிபதி 'கைவிடப்பட்டான்' என்று மட்டும் எழுதி, எந்த உண்மைகளின் அடிப்படையில் அந்த முடிவுக்கு வந்தார் என்பதை விட்டுவிட்டால், துறை கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் அனுப்பும். எனவே வரைவு உத்தரவை நாங்களே வரிவரியாகத் தயாரித்துக் கொடுப்போம்.

அதைவிடக் கடினமானது வாக்குமூலம் எழுதுவது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பையனிடம், பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாய் என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டேன். அப்பா போய்விட்டார், அதனால் காப்பித் தோட்டத்துக்குப் போனேன், ஊரில் எல்லோரும்தானே போகிறார்கள் என்றான். சட்டத்தின் கண்ணில் புறக்கணிப்பாகத் தெரிவது அவனுக்குச் சாதாரண வாழ்க்கை. அவன் வாயில் நம் சொற்களைத் திணிக்காமல், அப்பா பணம் அனுப்பினாரா, எப்போது கடைசியாகப் பேசினார், காய்ச்சல் வந்தால் யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் அந்தப் பக்கங்களை நிரப்ப முடிந்தது. கல்லூரி கற்றுத் தந்த எதையும்விட இந்தப் பொறுமையே வழக்குக்கு உதவியது என்பது என் எண்ணம்.

பையன் மீது சிறார் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டும் இருந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். சிறார் நீதிமன்றத் தீர்ப்பு குடிவரவுச் சட்டப்படி 'தண்டனை' ஆகாது என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2000இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் போதைப்பொருள் விற்பனைக்கோ தண்டனை தேவையே இல்லை, விற்றான் என்று நம்பக் காரணம் இருந்தாலே கதவு சாத்தப்படலாம். இலேசான உத்தரவோடு முடிந்ததே என்று சிறார் வக்கீல் நிம்மதி அடையும் ஒப்புதல் வாக்கியம், மற்ற நீதிமன்றத்தில் அவனைக் கவிழ்த்துவிடும். அதனால் அவன் எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன்பே அந்த வக்கீலைப் பார்த்துப் பேசுவது எங்கள் வழக்கம்.

இந்த முறையின் பெரிய குறை காலம். மனு ஏற்கப்பட்டாலும், ஓர் ஆண்டில் இத்தனை பேருக்குத்தான் என்ற உச்சவரம்பு காரணமாகக் கிரீன் கார்டுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. மாணவரோ பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். கோப்பை வாங்கும் அடுத்த மாணவர் முதலில் பார்க்க வேண்டியது சட்ட வாதத்தை அல்ல, பையனின் முகவரியை. வீடு மாறினால் ஐந்து நாட்களுக்குள் குடிவரவு நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல், பழைய முகவரிக்குப் போன அறிவிப்பைப் பாராமல் ஒரு வாய்தாவைத் தவறவிட்டால், அவன் இல்லாமலே நாடுகடத்தல் உத்தரவு பிறப்பிக்கப்படலாம்.